தேயாத பிரேக்

கரட்டுப்பாளையம் பந்தயத் தடத்தில், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, லேத் பட்டறை தேவசேனாபதியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்காமல் போயிற்று. அது எப்படி, ஏன் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் பெரிதாக மெனக்கெடவும் இல்லை, ஏனென்றால் நிற்காத காரை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதிலேயே எங்களுக்கு முதல் நான்கு வருடங்கள் சரியாகப் போய்விட்டன.

அதற்கு முந்தைய ஆறு மாதமும் அவர் வீட்டில் ஒரே பேச்சுத்தான். பெங்களூர்க்காரர் ஒருவரிடம் கைமாற்றி வாங்கிய கார், வரும்போதே செராமிக் பிரேக்கோடு வந்தது. செராமிக் என்றால் பீங்கான்தானே, டீ குடிக்கிற கோப்பையை நம்பி யாராவது இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போவார்களா என்று நாங்கள் டீக்கடையில் கேலி செய்தோம். தேவு என்று நாங்கள் கூப்பிடும் தேவசேனாபதி பொறுமையாக விளக்குவார்: செராமிக் டிஸ்க் எடை குறைவு, எவ்வளவு சூடானாலும் சோர்ந்துபோகாது, தூசி கொட்டாது, துருப்பிடிக்காது, சாதாரண ரோட்டில் ஓட்டினால் காரின் ஆயுசுக்கும் வரும், ஆனால் பந்தயத் தடத்தில் ஒரு தடவை சறுக்கி ஜல்லியில் இறங்கிவிட்டால், ஒரே ஒரு கல் விளிம்பில் பட்டால் போதும், டிஸ்க்கைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். இரும்பு டிஸ்க் கனம், தேயும், வெடிப்பு விடும், ஆனால் தேய்ந்ததை எறிந்துவிட்டு வேறு மாட்டலாம், அதற்கு இரும்பு வார்க்கும் பவுண்டரி இருபத்திரண்டு இருக்கிற எங்கள் ஊரைவிட வேறு எந்த ஊர் தோது? வெளியூர்க்காரர்கள் அதை ஸ்டீல் பிரேக் என்பார்கள். வார்ப்பிரும்பைப் பார்த்து ஸ்டீல் என்று சொல்லும் ஆளோடு நாங்கள் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

சாப்பாட்டு நேரத்திலும் அதே கதைதான். அவர் மனைவி யமுனாராணி கரண்டியோடு நிற்பார்.

“ரசம் ஊத்தட்டுமுங்களா?”

“செராமிக்னா வீல்ல பாரம் கம்மி, யமுனா. வளைவுல திருப்புனா பூ மாதிரி திரும்பும்.”

“நான் ரசத்தைக் கேட்டனுங்க.”

“இரும்புன்னா மாத்தீட்டே இருக்கோணும். அதான் யோசிக்கிறேன்.”

“ஏதோ ஒண்ணை மாட்டித் தொலைங்க மாமா. நின்னாச் சரி.”

சனிக்கிழமை அவர் இரும்பை மாட்டினார். கழற்றிய செராமிக் டிஸ்க்குகளை யமுனாராணியின் பழைய வாயில் புடவையில் பொதிந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மறுநாள் காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பிப் போனார். அதுதான் அவர் அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது.

பத்துச் சுற்றுக்குப் பிறகு உள்ளே வர வேண்டிய கார் இருபதாவது சுற்றிலும் வரவில்லை, கொடிக்காரர் கறுப்புக் கொடியைக் காட்டிக் காட்டிக் கை வலித்து உட்கார்ந்துவிட்டார், பன்னிரண்டு மணிக்குப் பெட்ரோல் தீர்ந்திருக்க வேண்டும் என்று தடத்தின் செயலாளர் கேசவமூர்த்தி கணக்குப் போட்டுச் சொன்னார், கார் மணி மூன்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. தடத்தின் தெற்கு மூலையில் இருக்கும் கொண்டை ஊசி வளைவில்தான் அது வேகம் குறைந்து, இடது முன் சக்கரத்தை ஒரு ஜாண் உயரம் தூக்கி, ஆறு எண்ணும் நேரத்துக்கு ஓர் ஆள் கூடவே ஓடக்கூடிய கதியில் போகும். அங்கே ஜன்னல் வழியாக அவர் எங்களிடம் கத்தினார்: “பிரேக் பிடிக்குதுங்க. நிக்கத்தான் மாட்டேங்குது.” மொபெட்டில் வந்து இறங்கிய யமுனாராணி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வளைவில் முதல் முறையாகக் காரோடு ஓடினார். நாற்பது அடி. அதற்குமேல் ஓட முடியவில்லை.

முதல் நாள் பதறினோம், இரண்டாம் நாள் வேடிக்கை பார்த்தோம், மூன்றாம் நாள் பழகிவிட்டது. காருக்குப் பெட்ரோல் தேவைப்படவில்லை, அவருக்குப் பசி எடுக்கவில்லை, ஆனாலும் நீட்டிய சோற்றுத் தூக்குப்போசியை மரியாதைக்காக வாங்கிக்கொண்டு அடுத்த சுற்றில் காலியாகத் திருப்பிக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஒரு சுற்றில் வெற்றிலைத் தட்டை நீட்டி, அடுத்த சுற்றில் “குடும்பத்தோட முந்தின நாளே வந்தரோணும்” என்று அழைத்து, அதற்கடுத்த சுற்றில் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். முடிவெட்டுகிறவர் நாற்பது சுற்றில் ஒரு பக்கத்தை முடித்தார், மறுபக்கம் ஜன்னலுக்கு எட்டவில்லை. தேர்தல் வந்தபோது, வாக்குச்சாவடி நகரக்கூடாது, காரோ நிற்காது, எனவே விதிப்படி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பந்தயங்கள் வழக்கம்போல நடந்தன. வெளியூரிலிருந்து ஓட்ட வருகிறவர்களிடம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லும்போது, “சிவப்பு வண்டி ஒண்ணு வரும், அவருக்கு வழி விட்டுருங்க” என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

யமுனாராணி ஆறு எண்ணுவதற்குள் பேசக் கற்றுக்கொண்டார். ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடம். அவர் ஒன்று கேட்டால், தேவு ஒரு சுற்று முழுக்க யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அவர்கள் சண்டைகூட அப்படியே நடந்தது, நடந்து நடந்து சண்டையின் காரம் போய்விட்டது. ஒன்றே முக்கால் நிமிடம் யோசித்துப் பதில் சொல்கிற புருஷன் எங்கள் ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் வாய்க்கவில்லை, அதில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யமுனாராணி மேல் கொஞ்சம் பொறாமையே இருந்தது. பிள்ளை இல்லாத வீடு, பேசுவதற்கு ஆள் தேவு ஒருவர்தான். அந்த அம்மா நாளுக்கு முப்பது தடவை ஓடினார்.

பதினைந்தாம் நாள் இடது முன் சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பவுண்டரி மேஸ்திரி ஆரோக்கியம் காதைக் கொடுத்துக் கேட்டார். மற்ற மூன்று சக்கரங்களில் தேய்மானமே இல்லை, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு டிஸ்க் மட்டும் தேய்ந்து தகடாகிக்கொண்டிருந்தது, அது தீர்ந்துவிட்டால் நேர்ப் பாதையின் முடிவில் இருக்கும் சுவரில் போய்த் தேவு மோதுவார், இன்னும் நான்கு நாள் தாங்கும் என்றார் மேஸ்திரி.

ஓடுகிற காரில் டிஸ்க் மாற்றிய ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான். சக்கரம் அந்தரத்தில் இருக்கும் ஆறு எண்ணிக்கைக்குள் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும். ஒரு சுற்றில் ஒரு போல்ட். ஐந்து போல்ட்டுக்கு ஐந்து சுற்று, சக்கரத்தை உருவ ஒரு சுற்று, அடுத்த சுற்றுகளைக் கார் மூன்று சக்கரத்திலேயே ஓடும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்ற இரண்டு, பழைய டிஸ்க்கை எடுக்க ஒன்று, புதியதை வைக்க ஒன்று, மறுபடி காலிப்பர், மறுபடி சக்கரம், மறுபடி ஐந்து போல்ட்: ஆக மொத்தம் பதினெட்டுச் சுற்று. அந்தச் சக்கரத்தின் சூட்டில் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் எந்தக் கையும் தாங்காது என்பதால் பதினெட்டுச் சுற்றுக்குப் பதினெட்டு வீடு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காலை ஆறு மணிக்கு, மேஸ்திரி ஈயம் பூசியதுபோல் மினுங்கும் புது டிஸ்க்கை வார்த்துக் கடைந்து கொண்டுவருவார், வீட்டுக்கு ஒருவர் ஸ்பேனரோடு வரிசையில் நிற்போம். என்னுடையது ஏழாவது வீடு, காலிப்பரின் மேல் போல்ட். யமுனாராணிக்குப் பதினெட்டாவது, கடைசி போல்ட்டை முடுக்குவது. வேலை முடிந்ததும் எல்லார் கையிலும் கொப்புளம், எல்லார் சட்டையிலும் இரும்புத்தூசி, ஆளாளுக்கு ஜன்னலில் எட்டித் தேவுவின் தோளைத் தட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்துவிட்டுப் போவோம். நல்ல நாட்கள்தான் அவை, இப்போது சொல்வதற்கென்ன.

முதலில் கவனித்தது மேஸ்திரிதான். புது டிஸ்க் மாட்டியபிறகு ஒவ்வொரு முறையும் வளைவில் கார் முன்னைவிட ஒரு துளி மெதுவாகப் போயிற்று. அவர் வளைவின் ஓரச் சுவரில் சுண்ணாம்பால் குறித்து வைத்தார், ஆறு எண்ணுவதற்குள் யமுனாராணி காரோடு ஓடவேண்டிய அடிகளை: நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. இரண்டு வருடத்தில் இருபத்தாறு. நான்கு வருடத்தில் பதினொன்று. பதினொரு அடிக்கு ஓடத் தேவையில்லை, நடந்தால் போதும். யமுனாராணி நடந்துகொண்டே தேவுவின் தலையைக் கோதிவிட்டார், காதோரம் அவருக்கு நரைத்திருந்ததைத் தொட்டுப் பார்த்தார். இதே கணக்கில் போனால் இன்னும் ஒன்றரை வருடத்தில் கார் நின்றுவிடும் என்றார் மேஸ்திரி.

ஒன்றரை வருடம் என்பது முப்பத்தாறு டிஸ்க், ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பத்தாறு கொப்புளம். நாங்கள் களைத்துப்போயிருந்தோம். மூன்றாவது வீட்டில் பெண்ணுக்குப் பிரசவம், பன்னிரண்டாவது வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, ஆறாத புண்ணோடு எத்தனை நாள் வருவார், எனக்கும் என் பவுண்டரியில் ஆள் பற்றாக்குறை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேசவமூர்த்திதான் கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டி, எல்லாருக்கும் பிடித்தமாதிரிச் சொன்னார். அவர் நல்ல மனிதர், நாற்பது வருடம் பம்புசெட் வடிவமைத்தவர்.

“இஞ்சினியரா ஒண்ணு சொல்றனுங்க. பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா மாத்தோணும்னா அது ரிப்பேரு, தீர்வு கெடையாது. அவிங்க ஊட்டுக் கட்டிலுக்கு அடியில செராமிக் டிஸ்க் கெடக்குது. தேவுக்குப் பசிக்கிறதில்ல, வண்டிக்குப் பெட்ரோல் வேண்டியதில்ல, தேயறது இந்த ஒரு டிஸ்க்குத்தான். அதையும் தேயாததா மாட்டீட்டா, மனுசன் ஆயுசுக்கும் பத்திரமா இருப்பாரு. யாரும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லீங்க.”

யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஒரு பொருளை இதற்குமேல் புகழ முடியாது. எங்கள் பம்புகளை நாங்கள் அப்படிச் சொல்லித்தான் விற்கிறோம். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது.

ஆரோக்கியம் மேஸ்திரி எழுந்தார். “இரும்பு தேயறதுனாலதானுங்க வண்டி கொறையுது. தேயாததை மாட்டுனா அது எப்புடி நிக்கும்?”

“இரும்புன்னா நிக்கும்னு எழுதித் தர முடியுமுங்களா, மேஸ்திரி?” என்று கேட்டார் கேசவமூர்த்தி.

மேஸ்திரியால் எழுதித் தர முடியவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். கார் தேவுவின் பேரில் இருந்ததால், அவர் மனைவி சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எல்லாரும் யமுனாராணியைப் பார்த்தோம். அந்த அம்மாவின் வலது உள்ளங்கை அப்போது தழும்பின்மேல் தழும்பு விழுந்து மூட முடியாதபடி இருந்தது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அன்று மாலை வளைவில் நடந்ததை நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டோம். கேட்டிருக்கக்கூடாது.

“செராமிக் மாட்டீறலாங்கிறாங்க மாமா. இல்ல, இரும்பே இருக்கட்டுமுங்களா?”

ஒரு சுற்று.

“மேஸ்திரி என்ன சொல்றாரு?”

“இரும்புதான்னு சொல்றாருங்க. இன்னும் ஒன்றரை வருசமாகும்னு.”

ஒரு சுற்று.

“உன்ற கை எப்புடி இருக்குது, கண்ணு?”

“அது கெடக்குதுங்க.”

ஒரு சுற்று. அந்தச் சுற்று மட்டும் வழக்கத்தைவிட நீளமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது, கடிகாரம் அப்படிச் சொல்லவில்லை.

“செராமிக்கே மாட்டீருங்க.”

ஆறு மாதம் ரசம் ஆறிப்போகும்படி யோசித்து இரும்பை மாட்டிய மனிதர் அவர். பொய் சொல்கிறார் என்று எங்களுக்கே தெரிந்தது, யமுனாராணிக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனாலும் அந்தப் பொய்யைக் கேட்கத்தான் அவர் அங்கே போயிருந்தார், கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதை அவர் மறைக்கும் முன்னால் தேவு கண்ணாடியில் பார்த்துவிட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாயில்லை. எங்களுக்கும் அதே நிம்மதிதான்.

அடுத்த பௌர்ணமிக்குப் பதினெட்டு வீடும் கடைசி முறையாக வரிசையில் நின்று, புடவைப் பொதியிலிருந்து எடுத்த செராமிக்கை மாட்டினோம். சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். தூசி இல்லை, சத்தம் இல்லை. பத்தொன்பதாவது சுற்றில் கார் வளைவுக்கு வந்தபோது யமுனாராணி பழக்கத்தில் நடக்கத் தொடங்கி, பிறகு ஓடினார். இருபத்து மூன்று அடி. மறுநாளும் இருபத்து மூன்று. ஒரு மாதம் கழித்தும் இருபத்து மூன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேஸ்திரி சுவரில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

நாங்கள் போகாமல் இருக்கவேண்டும் என்று முடிவு செய்யவில்லை. அமாவாசை வந்தது, வேலை இல்லை, போகவில்லை. பௌர்ணமி வந்தது, போகவில்லை. தேவு எப்படி இருக்கிறார் என்று யாராவது கேட்டால், “நல்லா ஓடீட்டு இருக்காரு” என்றோம், அது உண்மைதான். யமுனாராணி தினமும் போனார், பிறகு வெள்ளிக்கிழமைகளில், முழங்கால் வலி வந்த பிறகு மாதத்துக்கு ஒருநாள். அப்புறம் திருப்பூரில் தங்கச்சி வீட்டில் ஆளில்லை, பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனார். “போயிட்டு வர்றனுங்க” என்று ஜன்னலில் சொல்லிவிட்டுத்தான் போனார். தேவு என்ன பதில் சொன்னார் என்று கேட்க அந்த அம்மா அடுத்த சுற்றுக்கு நிற்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பத்து நாள் பத்தொன்பது வருடமாயிற்று.

போன ஐப்பசியில் யமுனாராணி திரும்பி வந்தார். தலை முழுக்க வெள்ளை, நடை சாய்ந்துவிட்டது, அவர் பூட்டிவிட்டுப் போன வீட்டு வாசலில் ஒரு சாக்குப்பை கிடந்தது. மேஸ்திரி சாகும் முன் வார்த்து வைத்துவிட்டுப் போன கடைசி இரும்பு டிஸ்க் அதில் இருந்தது. அந்த அம்மா அன்றே மற்றப் பதினேழு வீட்டுக்கும் நடந்தார். ஒரே ஒரு தடவை வாருங்கள், மறுபடி இரும்பை மாட்டிவிடலாம் என்று கேட்டார். ஆறு வீடு பூட்டியிருந்தது, நான்கில் வேற்றாட்கள் குடியிருந்தார்கள், மீதி வீடுகளில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்து, கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “நல்லாத்தானுங்க ஓடீட்டு இருக்குது? எதுக்கு மாத்தோணும்?”

ஏழாவது வீட்டுக்கு அவர் கடைசியாகத்தான் வந்தார், நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த அம்மா தன் உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார், அதைப் பார்த்துவிட்டேன். டிஸ்க்கை வண்டியில் கட்டிக்கொண்டு அவரோடு போனேன். இரண்டு பேரால் பதினெட்டு வேலை ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கொண்டை ஊசி வளைவில் புல் முளைத்திருந்தது, டிஸ்க்கை அதில் இறக்கி வைத்தேன். சுண்ணாம்புக் கணக்கு பதினொன்று வரை இறங்கி, பிறகு இருபத்து மூன்றில் நின்றிருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கார் வந்தது. அதில் ஒரு கீறல் இல்லை. செராமிக் மாட்டிய அன்று எப்படி இருந்தாரோ தேவு அப்படியே இருந்தார், காதோரத்து நரை அதே அளவு, அதே கட்டம் போட்ட சட்டை. டிஸ்க் தேயவில்லை, அவரும் தேயவில்லை. வளைவுக்கு வரும்போதே அவர் கண்கள் எதையோ தேடிக்கொண்டு வந்தன. யமுனாராணி இரண்டு அடி முன்னால் போனார்.

“அம்மா, சித்தே தள்ளி நில்லுங்க, வண்டி நிக்காதுங்க” என்றார் தேவு.

கார் போய்விட்டது. அடுத்த சுற்றில் உரக்கச் சொல்லிவிட வேண்டும், இது உங்கள் யமுனா என்று கத்திவிட வேண்டும் என்று நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லீராதீங்க” என்றார். “அவரு வேற ஒருத்தியத் தேடீட்டு இருக்காரு.”

ஒன்றே முக்கால் நிமிடம் கழித்துக் கார் வந்தது. அவர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தயவாக, வயதான ஒரு பெண்ணிடம் பேசும் பணிவோடு சொன்னார்:

“கோவிச்சுக்காதீங்கம்மா. என்ற ஊட்டுக்காரி இப்ப வந்துருவா. அவ ஓடறதுக்கு எடம் வேணுமுங்க.”

“சரிங்க” என்றார் யமுனாராணி.

என் கையை ஊன்றிக்கொண்டு, ஓடுகிறவள் காலில் தட்டிவிடாதபடி இரும்பு டிஸ்க்கை ஓரமாக நகர்த்தச் சொல்லிவிட்டு, இருபத்து மூன்று அடிக்கும் இடம் விட்டுத் தள்ளி நின்றார்.